பன்சலையில் படித்தவருக்கு ஊரில் என்ன மரியாதை?

வாசகர் கேள்வி, 2017 நவம்பர் 5

இலங்கையின் சிங்களக் கிராமங்களில் பிக்குகளுக்குக் கிடைக்கும் மரியாதை முழுக்கக் காவி உடைக்குத்தான், படிப்புக்கு அதில் பங்கே இல்லை என்பது என் கருத்து. சோற்றுக்கு வழியில்லாத குடும்பம் பிள்ளையைப் பன்சலையில், அதாவது பிக்குகள் தங்கும் ஊர் விகாரையில் விடுகிறது. அவன் நாலு பாளிச் சுலோகத்தை மனப்பாடம் செய்கிறான். பிறகு ஊரே காலில் விழுகிறது. பிரிவெனாப் படிப்பு, பிக்குகள் கல்லூரிப் படிப்பு என்று பெருமை பேச என்ன இருக்கிறது? பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நவம்பர் 5, இரவு

நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். மாத்தளை மாவட்டத்தில் ஒரு சிங்கள ஊரில் அப்பா சில்லறைக் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் பன்சலை. சிங்களம் எழுதப் படிக்க நான் பழகியது அந்தப் பன்சலை விறாந்தையில்தான்.

காவிக்கு மரியாதை உண்டு, அதை யார் மறுத்தார்கள்? பஸ்ஸில் முன் இருக்கை, காணும்போது கும்பிடு, அவர் இருக்கும் ஆசனத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் இருப்பது, எல்லாம் உடைக்குத்தான். ஏழு வயதுப் பொடி ஹாமுதுருவுக்கும், அதாவது குட்டிப் பிக்குவுக்கும் அது கிடைக்கும்.

ஆனால் பின்னேரங்களில் அந்த விறாந்தைக்கு ஆட்கள் எதற்கு வந்தார்கள் என்பதைக் கவனித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கையில் ஏதாவது ஒரு தாள் இருக்கும். கச்சேரியிலிருந்து (மாவட்ட அரசு அலுவலகம்) வந்த கடிதம், காணி உறுதிப் பத்திரம், பிறந்த நேரம் குறித்த துண்டு. கும்பிட்டுவிட்டு, தாளை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். பன்சலையின் தலைமைப் பிக்குவான லொக்கு ஹாமுதுரு மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒரு முறை மனதுக்குள் வாசிப்பார். பிறகு சத்தமாக வாசிப்பார், இந்த முறை ஊர்ப் பேச்சில், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி. "எல்லை எது என்று போட்டிருக்கு தெரியுமா? ஓடை. உன் தம்பி சொல்லும் பலாமரம் இல்லை." அண்ணன் தம்பிச் சண்டை ஒன்று அந்த வரியோடு முடிந்ததை நான் பார்த்தேன். நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அந்த வயலில் பாதி சட்டத்தரணிக்குப் போயிருக்கும்.

உடைக்குக் கும்பிடு போடுவார்கள். தாளை நீட்டுவது வாசிக்கத் தெரிந்தவரிடம். இரண்டும் வேறு.

நவம்பர் 6

"நாலு சுலோகம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் படிப்பில் என்னவெல்லாம் இருந்தது என்று சொல்கிறேன்.

ஆங்கிலேயர் காலத்துப் பாடசாலைகள் வருமுன் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பன்சலைதான். துறவு பூணப் போகிறவனும் நாளைக்கு ஏர் பிடிக்கப் போகிறவனும் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள். மணல் பரப்பிய பலகையில் விரலால் எழுத்து. எழுத்து முடிந்ததும் நம்பொத்த. அது ஊர்ப் பெயர்களையும் விகாரைப் பெயர்களையும் அடுக்கிச் சொல்லும் சிறிய ஏடு. வாசிப்புப் பழகும்போதே நாட்டின் நிலப்படம் மனப்பாடமாகிவிடும். தமிழ்ப் பகுதிக்கென்றே அதில் ஒரு வரிசை உண்டு: கந்தரோடை, தெல்லிப்பழை, மல்லாகம் எல்லாம் வரும். கண்டிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் யாழ்ப்பாணத்தைக் கண்ணால் காணாமலே மல்லாகத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி எழுத்துக்கூட்டினான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துபோகும்.

கணதேவி ஹெல்ல என்று ஒன்று. பிள்ளையாரைப் போற்றும் பாட்டு, கல்வி தொடங்கும் பிள்ளைகள் பாடுவது. நம் ஊரில் ஏடு தொடக்கும்போது பிள்ளையார் சுழி போடுகிறோமே, அதே ஆள்தான் பன்சலையிலும் வாசலில் நின்றார்.

பிறகு மகுல் லகுண, புத்த கஜ்ஜய, சகஸ்கட என்று பாட ஏடுகள் படிப்படியாக ஏறும். சமஸ்கிருதச் சுலோக நூல்கள் வரும். பையனுக்குத் தலை இருந்தால் பாளி இலக்கணம், அமரகோசம் என்ற சமஸ்கிருத நிகண்டு, சோதிடம், வைத்தியம். ஆயுர்வேத ஏடுகள் பன்சலை அலமாரிகளில் இன்றும் இருக்கின்றன. ஒரு ஊருக்கு வைத்தியர், சோதிடர், எழுத்தர், ஆசிரியர் நாலு பேரும் ஒரே ஆளாக இருந்தால் அந்த ஆளுக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியதில்லை.

நவம்பர் 6, சற்றுப் பிறகு

இடையில் ஒருவர் "எல்லாப் பிக்குகளும் அப்படியா?" என்று கேட்டிருக்கிறார். கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நாட்டில் முறைப்படி உபசம்பதா (முழுத் துறவுத் தீட்சை) பெற்ற பிக்கு ஒருவரும் இல்லாத நிலை வந்தது. கணின்னான்சே என்று ஒரு கூட்டம், துறவுக் கோலம் பாதி, குடும்பம் பாதி, விகாரை நிலம் மட்டும் முழுசாகக் கையில். அந்தக் காலத்தில்தான் வெலிவிட்ட சரணங்கர என்ற துறவி கிளம்பினார். பாளி சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் அலைந்து, கிடைத்த துணுக்குகளை வைத்துத் தானே படித்து, மற்றவர்களுக்கும் படிப்பித்தார். அவர் முயற்சியால்தான் 1753இல் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரின் குழு வந்து கண்டியில் உபசம்பதாவை மீட்டது. படிப்பு செத்தபோது உடை மட்டும் மிஞ்சியது. உங்கள் கேள்விக்குச் சரித்திரமே பதில் வைத்திருக்கிறது.

அந்த மீட்புக்கு ஆதரவு தந்த மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்தவன். இதைத் தமிழில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

நவம்பர் 9

"சோற்றுக்காக விடுகிறார்கள்." சரி, இதைப் பேசுவோம்.

வறுமை ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் அதிகம், வயலோ கால் ஏக்கர். ஆனால் காரணம் அதோடு நிற்பதில்லை. சாதகத்தில் தகப்பனுக்கு ஆகாத பிள்ளை என்று விடுவார்கள். தலைமைப் பிக்குவின் தங்கை மகன் என்று விடுவார்கள். தானாக அழுது அடம்பிடித்துப் போகும் பையன்களும் உண்டு. பன்சலையில் புத்தகம் இருக்கிறது, வீட்டில் இல்லை.

என் வகுப்பில் இருந்த ஒரு பையன் துறவு பூண்ட நாளில் நான் போயிருந்தேன். தலை மழித்து, வெள்ளை உடுத்தி, கையில் காவித் துணிப் பொதியோடு முழங்காலில் இருந்து, துறவு தரும்படி பாளியில் கேட்டான். இரண்டு இடத்தில் தடுமாறினான். லொக்கு ஹாமுதுரு மெல்ல எடுத்துக்கொடுத்தார். உள்ளே போய்க் காவியோடு திரும்பி வந்தான். அடுத்து நடந்ததுதான் எனக்கு மறக்காதது. அவன் அம்மா, அன்று காலை அவனுக்குத் தன் கையால் சோறு ஊட்டியவள், தரையில் விழுந்து அவனைக் கும்பிட்டாள். பையன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள் போலும். காது மட்டும் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து அவன் தகப்பன் பெயர் போய், ஊர்ப் பெயர் முன்னால் வந்தது. பிக்குகளின் பெயர்களைப் பாருங்கள்: ஹிக்கடுவே சுமங்கல, பொல்வத்தே புத்ததத்த, வல்பொல ராகுல. முதலில் நிற்பது பிறந்த ஊர். அவர் படித்துப் பெயர் எடுத்தால் ஊரின் பெயரும் சேர்ந்தே போகிறது. பொல்வத்தே புத்ததத்த தேரர் பாளி அகராதிகள் செய்தவர், அவர் நூல்கள் போன இடமெல்லாம் அம்பலாங்கொடைப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றின் பெயரும் போயிருக்கிறது. ஊர் அவரைத் தன் பிள்ளை என்று சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை.

நவம்பர் 10

ஊர் செலவழிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பன்சலைச் சமையலறைச் சுவரில் தான அட்டவணை தொங்கும். தேதிக்கு ஒரு வீடு. காலை ஹீல் தானே, மதியத்துக்குள் தவல் தானே. நம் வீட்டுக்கும் ஒரு தேதி இருந்தது, நாங்கள் சைவக்காரர்கள் என்று யாரும் வித்தியாசம் பார்த்ததில்லை. அம்மா மரக்கறியும் பருப்பும் சமைத்து அடுக்குச் சட்டியில் அனுப்புவா. லொக்கு ஹாமுதுருவுக்கு அம்மா வைக்கும் ரசம் பிடிக்கும் என்று பன்சலை உதவிக்காரப் பையன் வந்து சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு சாமணேரரை, அதாவது இளந்துறவியைப் பத்து வயதிலிருந்து இருபது வயது வரை ஊட்டி வளர்ப்பது தகப்பன் ஒருவன் இல்லை, முழு ஊர். இது பின்னால் வரப்போகும் சண்டைக்கு அடிப்படை.

நவம்பர் 14

ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: பன்சலைதான் சாதி பார்க்காத இடம், எந்த ஏழைப் பிள்ளையும் மேலே வரலாம் என்று. அக்கா, அப்படி இருந்திருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன்.

சியாமிலிருந்து வந்த உபசம்பதா வழிப் பிக்கு பிரிவு சியம் நிகாய. அது 1753இல் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே உபசம்பதா கொவிகம என்ற வேளாண் சாதிக்கு மட்டும் என்றானது. கண்டியில் அதன் தலைமை விகாரைகளான மல்வத்த, அஸ்கிரிய இரண்டிலும் அதுவே வழக்கமாக நிலைத்தது. கரையோரத்துச் சலாகம, கராவ, துராவ சாதிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அம்பகஹபிட்டியே ஞானவிமல பர்மாவுக்குக் கப்பல் ஏறி, அமரபுரத்தில் உபசம்பதா பெற்று 1803இல் திரும்பினார். அப்படி வந்தது அமரபுர நிகாய. 1864இல் ராமஞ்ஞ நிகாய, அது சாதியைவிட வினய ஒழுக்கத்தை, அதாவது துறவு விதிகளைப் பெரிதாகப் பேசியது.

ஊர் மட்டத்தில் இது எப்படித் தெரியும்? ஒரே ஊரில் இரண்டு பன்சலை இருக்கும், அரை மைல் தூரத்தில். ஏன் என்று கேட்டால் யாரும் நேரே சொல்ல மாட்டார்கள். "அது அந்தப் பக்கத்து ஆட்களின் பன்சலை" என்பார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று சொத்து. கண்டிப் பகுதி விகாரைகளுக்கு மன்னர் காலத்து நிலம் இருக்கிறது. தலைமைப் பதவி குருவிடமிருந்து சீடனுக்குப் போகும். சில இடங்களில் சீடன் என்றால் சொந்தக்காரச் சீடன்தான், மாமனிடமிருந்து மருமகனுக்கு. நன்றாகப் படித்த பையனைவிட இரத்த உறவுள்ள பையன் விகாராதிபதி (விகாரைத் தலைவர்) ஆவதை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர் தன் துணிப் பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த வயதில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நவம்பர் 14, இரவு

"புத்தர் சாதி பார்க்கவில்லையே" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். பார்க்கவில்லை. இதை ஊர்ப் பிக்குகளும் பணையில், தங்கள் சமயச் சொற்பொழிவில் சொல்கிறார்கள். உபசம்பதா நடக்கும் சீமை மண்டபத்தின் வாசலில்தான் அது நின்றுபோகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே ஒருவர் அந்த வாசலைத் திறந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். தம்புள்ளை இனாமலுவே சுமங்கல தேரர் 1985இல் அஸ்கிரியவைச் சாராமல், சாதி கேட்காமல் உபசம்பதா நடத்தினார். தன் பரம்பரை உரிமையே கேள்விக்குள்ளாகும் என்று தெரிந்தும் ஒரு விகாராதிபதி இதைச் செய்தது பெரிய காரியம். அதற்குரிய இடம் நம் பேச்சில் கிடைக்கவில்லை.

நவம்பர் 19

இப்போது பிரிவெனா. இங்கேதான் என் கருத்து பலருக்கும் கசக்கும்.

ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் 1873இல் மாளிகாகந்தையில் வித்யோதய தொடங்கினார். 1875இல் ரத்மலானே தம்மாலோக தேரர் பேலியகொடையில் வித்யாலங்கார. ஊர்ப் பன்சலையில் தலை உள்ள பையனுக்கு இப்போது போக ஓர் இடம் கிடைத்தது. 1902இல் பிராசீன (கீழைமொழி) பரீட்சைகள்: பிராரம்ப, மத்யம, அவசான. அவசான தேறினால் பண்டிதர். அந்தப் பட்டத்தோடு ஊர் திரும்பிய பிக்குவைப் பெரஹரா என்ற ஊர்வலத்தோடு வரவேற்றார்கள் என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்வார்கள். திரும்பினார் என்பதைக் கவனியுங்கள். கொழும்பில் படித்தார், ஊருக்கு வந்தார், அதே விறாந்தையில் உட்கார்ந்தார்.

1959இல் வித்யோதயவும் வித்யாலங்காரவும் பல்கலைக்கழகங்கள் ஆயின. நாட்டுக்கு நல்லது. கிராமத்துச் சாமணேரருக்கு அரசுப் பட்டம் கைக்கெட்டியது. பட்டம் கிடைத்தால் ஆசிரியர் வேலை, வேலை என்றால் சம்பளம். அதோடு ஊருக்கும் அவருக்கும் இருந்த கயிறு இளகத் தொடங்கியது.

நான் மேலே சொன்னேனே, என் வகுப்புப் பையன். மூலிக (தொடக்கநிலை) பிரிவெனாவில் படித்தார், பாளியிலும் சமஸ்கிருதத்திலும் முதல் வரிசை, பல்கலைக்கழகம் போனார், பட்டம் வாங்கினார், தூரத்து மாவட்டத்தில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. கொஞ்ச காலத்தில் காவியைக் கழற்றினார். சேதி வந்த அன்று எங்கள் கடை வாசலில் கூடிய கூட்டத்தை மறக்க மாட்டேன். ஹீரளுவா என்றார்கள். இப்படிக் காவி கழற்றியவரை ஏசும் பெயர் அது. "எங்கள் சோற்றைத் தின்று எங்களுக்கே செய்துவிட்டான்" என்றார்கள். அவர் அம்மா ஒரு மாதம் போல் வெளியே தலைகாட்டவில்லை. பன்சலைக்குத் தானம் கொண்டு போகும்போதுகூடப் பின்பக்கத்தால் போனாள்.

நவம்பர் 20

"அவன் செய்தது துரோகம் இல்லையா?" என்று கேட்டவருக்கு.

இல்லை. பத்து வயதில் கேட்காமல் கொடுத்துவிட்டு, இருபத்தேழு வயதில் அவர் எடுக்கும் முடிவுக்குத் துரோகம் என்று பெயர் வைக்க ஊருக்கு உரிமை இல்லை. தாய்லாந்தில் மூன்று மாதம் துறவிருந்து திரும்பி வருகிறவனுக்குப் பெண் கொடுக்க நான், நீ என்று வருவார்கள், பக்குவப்பட்டவன் என்று. அங்கும் தேரவாத பௌத்தம்தான், அதே வினயம்தான். இலங்கையில் தற்காலிகத் துறவு வழக்கம் வேர் கொள்ளவில்லை, அதனால் கழற்றுவது என்றால் விழுவது என்று ஆகிவிட்டது. பாளியும் சமஸ்கிருதமும் தெரிந்த ஒருவரை ஊர் வாசலில் நிறுத்தி வைத்து ஏசுவதில் யாருக்கு லாபம்? ஞாயிறு அறநெறிப் பள்ளியான தஹம் பாசலுக்கு அவரைக் கூப்பிட்டிருக்கலாம். பன்சலையைப் பராமரிக்கும் ஊர்க் குழுவான தாயக சபையில் இருந்த ஒரு பெரியவரிடம் நான் கேட்டேன். "மஹத்தயா, அதெல்லாம் சரிவராது" என்று முடித்துவிட்டார்.

நவம்பர் 23

சம்பளம் வாங்கும் பிக்குகள் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். பாடம் சொல்லிக் கொடுத்து அரசுச் சம்பளம் வாங்குவதில் எனக்குக் குறை தோன்றவில்லை. அந்தச் சம்பளத்தில் பன்சலைக் கூரையை மாற்றியவரையும் தெரியும், காணி வாங்கியவரையும் தெரியும். ஊரும் இரண்டு பேரையும் பிரித்துத்தான் பார்க்கிறது. கும்பிடு ஒன்றுதான், ஆனால் சாவு வீட்டில் பாங்சுகூலச் சடங்குக்கு முதலில் யாரை அழைக்கப் போகிறார்கள் என்று பாருங்கள், விளங்கும்.

நவம்பர் 27

தமிழ்ப் பிள்ளைகள் பிரிவெனாவில் படிக்க முடியுமா, தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒரு தம்பி.

பிரிவெனாவில் துறவு பூணாத மாணவர்களும் படிக்கிறார்கள். தமிழைப் பாடமாக வைத்திருக்கும் பிரிவெனாக்களும் உண்டு. அது புதிதும் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் தலைவராக இருந்த விஜயபாப் பிரிவெனாவில் சிங்களம், பாளி, சமஸ்கிருதத்தோடு தமிழும் ஒலித்தது என்று அக்காலத்துத் தூதுக் காவியம் ஒன்று வர்ணிக்கிறது. தமிழ் தெரியாமல் ஒருவர் முழுப் படிப்பாளி ஆகவில்லை என்று ஒரு காலத்தில் இருந்திருக்கிறது.

எங்கள் லொக்கு ஹாமுதுரு வயதான பிறகு தமிழ் எழுத்துப் பழக ஆசைப்பட்டார். அப்பா கடைப் பேரேட்டின் பின்பக்கத் தாளில் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதிக் கொடுத்தார். ழகரம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் கடைக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையின் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் பொருள் கேட்பார்.

டிசம்பர் 3

இதுவரை எல்லாரும் ஆண்களைப் பற்றியே எழுதிவிட்டோம். இன்று ஊரில் பிள்ளைகளுக்கு உண்மையில் படிப்பிப்பது யார்? ஞாயிறு காலை எந்த விகாரைக்கும் போய்ப் பாருங்கள். 1895இல் காலியில் தொடங்கிய தஹம் பாசல் முறை இன்று பெரும்பாலும் இளம் பெண்களின் தோளில் நிற்கிறது. வெள்ளைச் சேலை, வெயிலில் நடை, சம்பளம் இல்லை. பிக்குவுக்கு ஊர் எழுந்து நிற்கிறது, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாற்காலி தருவதற்கும் யோசிக்கிறது.

சில்மாணியோக்கள் என்ற பெண் துறவிகளின் நிலை இன்னும் மோசம். பத்துச் சீலம் காத்து, தலை மழித்து, பிக்கு வாழ்வதைவிடக் கடினமாக வாழ்கிறார்கள். 1998இல் தம்புள்ளையில் பிக்குணி உபசம்பதா, பெண்களுக்கான முழுத் தீட்சை, மீண்டும் நடந்தது. நிகாயத் தலைவர்களான மகாநாயக்கர்கள் ஏற்கவில்லை. அரசும் அடையாள அட்டையில் பிக்குணி என்று போட நெடுங்காலம் மறுத்துவந்தது. பிக்குவுக்கு இருக்கும் பிரிவெனா வாய்ப்பில் கால்பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து இரண்டு கட்டை தள்ளி ஒரு ஆராமத்தில் (பெண் துறவிகள் மடம்) ஒரு மாணியோ இருக்கிறார். பாளி தானாகப் படித்தவர். பிள்ளைப்பேறு நெருங்கும் பெண்கள் பிரித் என்ற காப்பு ஓதச் சொல்லி அவரிடம்தான் போகிறார்கள், புருசன் அடிக்கிறான் என்றாலும் அவரிடம்தான். பொலிசுக்குக் கடிதம் எழுதித் தருகிறார். போன மாதம் தாயக சபையில் தான அட்டவணையை அந்த ஆராமத்துக்கும் விரிக்க வேண்டும் என்று சில பெண்கள் எழுந்து கேட்டார்கள். தீர்மானம் ஆகவில்லை, அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அம்மா இப்போதே ஒரு தேதி கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறா.

டிசம்பர் 4

தேதி கிடைத்துவிட்டது. எங்களோடு சேர்த்துப் பதினொரு வீடு, சபைக்குக் காத்திராமல். கேள்வி கேட்ட நண்பர் வர விரும்பினால் தனிமடலில் சொல்லுங்கள், மாத்தளை பஸ் நிலையத்தில் வந்து அழைத்துப் போகிறேன்.